முன் சீட்டில் அம்மா உட்கார மாட்டாள்

தம்பி,

நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய ஹீட்டர் வால்வை மாட்டியாயிற்று. என்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மாப்பிள்ளை அழைப்பன்று நம் பழைய காரில்தான் மண்டபத்தில் வந்து இறங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாயே, அது நடக்கும். கூடவே இன்னொன்றும் கேட்டாய். அப்பா ஓட்ட, அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும் என்றாய். அது நடக்காது. அம்மா போனில் உன்னிடம் "சரிடா" என்றது எனக்கும் காதில் விழுந்தது. ஆனாலும் அவள் உட்கார மாட்டாள். ஏன் மாட்டாள் என்பதைச் சொல்ல வேண்டியவன் நான். இரண்டு வருடம் சொல்லாமல் இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு எதற்குமே நேரம் காலம் தெரியாது என்று நீ சொல்வதில் தப்பில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவள் காலைச் சுட்டது நம் கார். அது ஒழுகுகிறது என்று தெரிந்தே ஓட்டியவன் நான். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். சித்தப்பா, பெரியம்மா, அத்தை பிள்ளைகள் என்று எல்லோரும் இருக்கிற குடும்ப குரூப்பிலேயே போடுகிறேன். மற்றவர்கள் நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குறிப்பு எழுதிப் பழகியவன் நான், சுருக்கமாக எழுத வராது. ஏன் எல்லோர் முன்னாலும் என்பது படித்துக்கொண்டே வந்தால் புரியும்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது ஏழு வயது. குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்து, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போய்க் கொண்டுவந்து சேர்த்தேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த வண்டி. கிழக்குத் தாம்பரத்தில் நம் தெரு முழுக்க வந்து வேடிக்கை பார்த்தது. அம்மா ஆரத்தி எடுத்துவிட்டு, "உங்கப்பா சின்ன வீடு வெச்சுட்டார்டா" என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயரே சின்ன வீடுதான். ஞாயிற்றுக்கிழமை நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தால், சாப்பிடக் கூப்பிட வருகிறவள் "அங்கேயே சாப்பிட்டுட்டீங்களா?" என்பாள். கேலிதான். ஆனால் ஒரு வீட்டில் ஒரே கேலியை இருபது வருடம் சொல்கிறார்கள் என்றால் அதில் கொஞ்சம் நிஜமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உன் சைக்கிள் ஹேண்டில் பட்டு அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தது. பால்காரர் கேன்தான் இடித்தது என்று நீ சொன்னாய். நான் அவரைப் போய்க் கேட்டு, அவர் பாவம் முழிக்க, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தெருவே பார்க்கப் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன். "வீட்டுக்குள்ள வெச்சுக் கேக்கறேம்ப்பா" என்று அழுதாய். "பழியை எங்க போட்டியோ அங்கதான்டா எடுக்கணும்" என்றேன். பத்து வயதுப் பையனிடம் அவ்வளவு பெரிய மனுஷத்தனம். அந்தச் சட்டம் எனக்கும் பொருந்தும் என்று சொல்ல அப்போது வீட்டில் யாரும் இல்லை.

அந்தக் காரில் ஹீட்டர் இருந்தது. மலைக் குளிருக்காக வைத்தது. என்ஜினில் கொதிக்கிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக உள்ளே வந்து, முன் சீட்டில் உட்காருபவரின் கால் மாட்டில் உள்ள பெட்டிக்குள் சுற்றி, வெளியே போகும். தண்ணீரை விடவும் நிறுத்தவும் நடுவில் ஒரு சின்ன வால்வு, நம் வீட்டுக் குழாய்த் திருகு மாதிரிதான். சித்திரை மாதம் தாம்பரத்தில் இதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற பைத்தியம் யாரும் இல்லை. கீழ்க்கட்டளை தேவராஜ் மெக்கானிக் வண்டியைப் பார்த்த முதல் நாளே சொன்னார்: "இன்னா சார், நம்ம ஊரு வெயில்ல ஹீட்டர் இன்னாத்துக்கு? ரெண்டு ஓஸ் பைப்பையும் ஒண்ணா சேத்துக் கட்டிட்டா தண்ணி உள்ளயே வராது. இல்லாங்காட்டி என்னிக்காவது பேஜார் பண்ணும் சார், சொல்ட்டேன்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கார் காட்சிக்கு ஒருமுறை கொண்டுபோயிருந்தேன் அல்லவா? நடுவர் ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்துவிட்டு, "ஹீட்டர்கூட வேலை செய்யுதே!" என்று ஆச்சரியப்பட்டார். ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதில்லை. அந்த ஒரு ஆச்சரியத்துக்காக, தேவையே இல்லாத கொதிநீரை உள்ளே விட்டு வைத்திருந்தேன். இதுதான் என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, இரண்டு வருடத்துக்கு முன்னால், கூடுவாஞ்சேரியில் உன் மாமா பெண் கல்யாணத்தன்று. காலையில் காரை எடுக்கும்போது பார்த்தேன், வால்வின் கழுத்தில் ஈரம். விரலால் தடவினால் பச்சையாகக் கூலண்ட், என்ஜின் தண்ணீரில் கலக்கிற திரவம். திருகு பாதி திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருந்தது, மூட வரவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. பழைய பனியன் துணியை அதன்மேல் இறுக்கிச் சுற்றிவிட்டு, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். டாக்ஸியில் போயிருக்கலாம். மண்டப வாசலில் சின்ன வீட்டோடு போய் இறங்க வேண்டும் எனக்கு. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. சாலை காலியாக இருந்தது.

திரும்பும்போது மத்தியானம் இரண்டு மணி. ஊரப்பாக்கம் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ லாரி கவிழ்ந்திருக்கிறது என்றார்கள். இடது பக்கம் உரசுகிற மாதிரி ஒரு பஸ், வலது பக்கம் தண்ணீர் லாரி, கதவைத் திறக்கக்கூட இடமில்லை. என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயத்தில் அணைக்காமல் வைத்திருந்தேன். மூடாத ஹீட்டர் உள்ளே அனலை ஊதிக்கொண்டிருந்தது. பின் சீட்டு முழுக்கக் கல்யாண வீட்டில் கொடுத்த பட்சணக் கூடையும் வாழைத்தாரும். அதனால் முன் சீட்டைப் பின்னால் தள்ள முடியவில்லை. கால் வீங்கியிருக்கிறது என்று அம்மா செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், அந்தப் பெட்டிக்கு நேர் கீழே வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சுகர் வந்து பதினைந்து வருடத்தில் அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது உனக்குத் தெரியும். முள் குத்தினாலும் தெரியாது. நடுவில் அவள் குனிந்து புடவைக் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, கீழ ஈரமா இருக்குங்க. ஏதோ ஒழுகுது போல" என்றாள். தம்பி, இப்போது நான் எழுதப்போகிற வாக்கியத்தை இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் மறந்ததில்லை. நான் வெயிலில், எரிச்சலில், முன்னாலிருந்த ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "உனக்குத்தான் கால்ல ஒண்ணுமே தெரியாதே, ஈரம் மட்டும் எப்படித் தெரியுது?"

அவள் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. வண்டலூர் வந்தது, பெருங்களத்தூர் வந்தது, வீடு வந்தது. இறங்கும்போது பார்த்தேன், பனியன் துணி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இடது காலின் விரல்களும் மேல்பாதமும் வெந்து, தோல் வெள்ளையாகப் புடைத்திருந்தது. அவளும் அப்போதுதான் பார்த்தாள். வலிக்கவில்லை அவளுக்கு. வலிக்காத காயத்தை ஒரு மனுஷி குனிந்து பார்க்கிற பார்வையை நீ என்றைக்கும் பார்க்க வேண்டாம்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா ஆச்சு?" என்றார். நான் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "கால் கடுப்பா இருந்துது டாக்டர், வெந்நீர்ல வெச்சேன்" என்றாள். டாக்டருக்கு வந்ததே கோபம். "சுகர் பேஷண்ட் இப்படிப் பண்ணலாமா? என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். "சயின்ஸ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன்" என்றாள் மெதுவாக. டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நான் பக்கத்தில் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். புண் ஆறவில்லை, இரண்டு விரல்களை எடுத்தார்கள். இந்த குரூப்பில் நான்தான் போட்டேன்: "கவனக்குறைவாக வெந்நீரில் காலை வைத்துவிட்டாள். எல்லோரும் பிரார்த்தனை செய்யவும்." அவள் ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் கைப்பட எழுதி, 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை நானாகச் சேர்த்து, ஊரறிய முத்திரை குத்திவிட்டேன். எத்தனை பேர் எத்தனை அறிவுரை சொன்னீர்கள்! டீச்சர் ஆயிற்றே, கையை விட்டுச் சூடு பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். நீ வீடியோவில் வந்து, "ஏம்மா, உங்களுக்கு அறிவே கிடையாதா? நான் அங்க லீவும் கிடைக்காம இங்க கெடந்து தவிக்கணுமா?" என்று கத்தினாய். அவள் "இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்டா" என்றாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கைதான். அதற்கடுத்த வாரம் அவள் இந்த குரூப்பை விட்டு வெளியேறினாள். கை தவறிப் பட்டிருக்கும் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பொய்.

காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். ஆனால் அதை நிறுத்தியிருந்த இடம் உனக்குத் தெரியுமே. போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டு, சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுதான் வழி. கைத்தடியோடு அவள் தினமும் அதை உரசிக்கொண்டுதான் கேட்டுக்கு வர வேண்டும். கீரைக்காரியைக் கூப்பிட, பேப்பர் எடுக்க, வாக்கிங் போக, எல்லாவற்றுக்கும். போகப்போக வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள். விற்றுவிடலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று நீ கேட்பாய், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அப்புறம் வீட்டில் ஒரு சாமானை நகர்த்தக்கூட முடிவதில்லை, தம்பி.

அந்த நேரத்தில்தான் உனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கார் ஏன் ஓடவில்லை என்று நீ கேட்டதற்கு ஹீட்டர் வால்வு கெட்டுவிட்டது என்று மட்டும் நான் சொல்லி, உன் பெட்டியும் வந்தது. "அப்பா, எவ்வளவு தேடினேன் தெரியுமா, அதே மாடலுக்குப் புது வால்வு! அம்மாவை முன்னாடி உட்கார வெச்சு ஓட்டுங்க" என்று எழுதியிருந்தாய். அட்டைப்பெட்டியைத் திறந்து அந்தப் பித்தளைச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்றாள். அவ்வளவுதான். சமையலறைக்குள் போய்விட்டாள்.

போன சனிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். தேவராஜைக் கூப்பிடவில்லை, நானே செய்து முடித்தால் ஏதோ கழிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ரேடியேட்டர் தண்ணீரை வடித்தேன். முன் சீட்டின் கால் மாட்டில் மல்லாக்கப் படுத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டேன். ஓஸ் இரண்டையும் கழற்றினேன், மூடித் திறக்கிற கம்பியையும் கழற்றினேன். வால்வைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று பெட்டிக்குப் பின்பக்கம். வலது கையைச் சந்துக்குள் விட்டு முழங்கை வரைக்கும் நுழைத்தேன். நட்டு சிக்கியது. திருகும்போது கை சறுக்கி, கைக்கடிகாரத்தின் ஸ்டீல் பட்டை அங்கே ஒரு இரும்புப் பட்டியில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. இடது கையைக் கொண்டுவர இடமில்லை. தோள் டாஷ்போர்டுக்கு அடியில் இறுகிக்கொண்டது. அறுபத்தெட்டு வயதில், லுங்கியோடு, சொந்தக் காருக்குள்ளேயே திருடன் மாதிரி மாட்டிக்கொண்டேன். மூச்சு விட்டால் என் மூச்சே முகத்தில் அடித்தது. பத்து நிமிடம் கத்தினேன். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

மிக்சி நின்றதும் அவள் கைத்தடிச் சத்தம் கேட்டது. "என்னங்க, காலை ஆட்டிக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றாள். சொன்னேன். முதலில் சிரித்தாள், மறைக்கவே இல்லை. பிறகு தேவராஜுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: "சார் உள்ள மாட்டிக்கினாரா? இஸ்க்காதீங்கம்மா, கை கிழிஞ்சிரும். பல்லாவரத்துல கீறேன், ஒரு மணி நேரத்துல வந்துர்றேன். சாரை அப்டியே படுத்துக்கினு இருக்கச் சொல்லுங்க." அவள் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கக் கதவை முடிந்த மட்டும் திறந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்த அந்தத் தடித்த செருப்பும், இடது பாதத்தின் கட்டையான முன்பக்கமும்தான் தெரிந்தன. என் கண்ணிலிருந்து இரண்டு முழம் தூரத்தில். இரண்டு வருடமாக நான் நேராகப் பார்க்காமல் தப்பித்துவந்த கால். இப்போது தலையைத் திருப்பக்கூட முடியாது.

"தண்ணி வேணுமா?" என்றாள். "வேண்டாம்" என்றேன். சும்மா இருக்க முடியாமல், "இந்தத் தடவை பக்காவா மாட்டிடறேன். ஒரு சொட்டு வராது. நீ தைரியமா உட்காரலாம்" என்றேன்.

"நான் உட்கார மாட்டேன்."

"அவன்கிட்ட சரின்னியே?"

"பின்ன என்ன சொல்றது? ஏம்மான்னு கேட்பான். எனக்குப் பிடிவாதம்னு சொல்வீங்க. வெந்நீர்ல காலை வெச்ச முட்டாளாச்சு, இப்ப புள்ள ஆசைப்பட்டதைக் கெடுத்தவளும் ஆவணுமா?"

சொல்லக் கொஞ்சம் தைரியம் வந்தபோது, "அன்னிக்கு டாக்டர்கிட்ட நீயாத்தானே அப்படிச் சொன்னே? என்னைக் காப்பாத்தத்தானே?" என்றேன். அவள் செருப்பு அசையவில்லை.

"காப்பாத்தன்னு இல்லைங்க. உங்களைப் பார்த்தேன். வாயே திறக்கலை. சரி, நாம ஏதோ ஒண்ணு சொல்லுவோம், 'இல்ல டாக்டர், அது என் தப்பு'ன்னு நடுவுல வந்துடுவீங்கன்னு நினைச்சேன். அவர் திட்டத் திட்டப் பார்த்துக்கிட்டே இருந்தேன், இப்ப சொல்வீங்க, இப்ப சொல்வீங்கன்னு. அப்புறம் வீட்டுக்கு வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். புள்ளைகிட்டயாவது சொல்வீங்கன்னு இருந்தேன். நீங்க குரூப்புல போட்டீங்க. அதுக்கப்புறம் நான் எப்படிங்க வெளிய வர்றது? நானே சொன்ன பொய்யாச்சே."

தம்பி, நான் அழுதேன். கண்ணீர் காதுக்குள் போயிற்று, துடைக்கக் கையில்லை. "கால்ல ஒண்ணும் தெரியாதேன்னு சொன்னேனே, அது..." என்று ஆரம்பித்தேன். "அதைப் பத்திப் பேசாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நானாகத்தான் கேட்டேன், "பையன்கிட்ட நான் சொல்லிடட்டுமா? தனியா போன் பண்ணி?" என்று. அதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்தக் கடிதம் இங்கே வந்ததற்குக் காரணம். "சொன்னா எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அவன் காதுல மட்டும் ஓதிட்டு, கல்யாணத்துக்கு வர்ற அத்தனை பேர் முன்னாடியும் நான் முட்டாளாவே நிக்கணுமா?"

தேவராஜ் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, ஆனந்த சயனம்!" என்றார். இரும்புப் பட்டியின் திருகைத் தளர்த்தி என் கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. இப்பவாவது ஓஸைச் சேர்த்துக் கட்டிவிடலாமே என்று மறுபடியும் கேட்டார். நீ அனுப்பியது என்பதால், மாட்டிவிடுங்கள் என்றேன். கசியாமல் இருக்க வால்வுக்கு அடியில் வைத்திருந்த பழைய ஒட்டுத் தாளைச் சுரண்டி எடுத்து, புதுத் தாள் வைத்து, வால்வைப் பொருத்தி, கம்பியைச் சரியான இழுப்பில் மாட்டினார். தண்ணீர் ஊற்றி ஓடவிட்டோம். மூடினால் மூடுகிறது, திறந்தால் திறக்கிறது. கீழே வெள்ளைத்தாள் விரித்துவைத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "நல்லா மாட்டியிருக்கார்" என்றாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, அந்தச் சந்து வழியாக உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அந்த வால்வு நல்ல வால்வா கெட்ட வால்வா என்பது ஒரு விஷயமே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பா நாலு புத்திமதி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் பட்டதைச் சொல்கிறேன். வரப்போகிறவள் ஏதோ ஒழுகுகிறது என்று சொன்னால் வண்டியை நிறுத்திப் பார். நிறுத்த இடமில்லை என்றால் என்ஜினையாவது அணை, மறுபடி கிளம்பாவிட்டால் போகட்டும். ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் பார். பார்க்காமல் பதில் சொல்லாதே, அதுவும் சாமர்த்தியமாகப் பதில் சொல்லாதே. நம் குடும்பத்து ஆண்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் அதிகம். என் அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, வீடியோவில் நீ அம்மாவிடம் பேசும்போது உனக்கும் இருப்பதைப் பார்த்தேன். அவள் உனக்காகப் பேசாமல் இருந்தால், அதை உனக்குக் கிடைத்த சௌகரியமாக எடுத்துக்கொள்ளாதே. உன் வாயைப் பார்த்துக்கொண்டு அவள் காத்திருக்கலாம்.

மற்றவர்களுக்கு ஒன்று. அவளுக்கு அறிவுரை சொன்னவர்கள் எல்லோரும் எனக்குச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்தில் யாராவது அவள் காலைப் பார்த்து வெந்நீர் என்று ஆரம்பித்தால், நான் பக்கத்திலேயே நிற்பேன். கல்யாணத்தன்று அவள் எதில் வருவாள் என்பதை அவளே சொல்லட்டும். ஆட்டோ என்றாலும் சரி, உன் மாமனார் வீட்டு வண்டி என்றாலும் சரி. சின்ன வீட்டில் நீ மட்டும் வா, அல்லது அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் சொல்லிவிடு, எனக்கு வருத்தமில்லை. வருத்தம் இருக்கிறது, ஆனால் அதை நீ பொருட்படுத்த வேண்டாம்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. என்னைத் திட்ட வேண்டியதை நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குப் பண்ணு. இந்த இரண்டு வருடம் பேசின பேச்சுக்கெல்லாம் நீ மன்னிப்புக் கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். நீ வாயைத் திறப்பதற்குள் அவள் "பரவால்லடா, விடு" என்பாள். அதோடு போனை வைத்துவிடாதே. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது என்னிடமும் அவள் இதையேதான் சொன்னாள். நான் நம்பிவிட்டேன். நீ நம்பாதே. அவள் ஒன்றும் பேசாவிட்டாலும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிரு.

அப்பா